மெல்லக் கதைக்கத் தெரியாதவர்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. பெயரை எழுதினால் ஊர் தெரிந்துவிடும். ஊர் தெரிந்தால் கிணறு தெரிந்துவிடும். அந்தக் கிணற்றுக்குச் சொந்தக்காரராக இருந்தவரின் பேரப்பிள்ளைகள் இப்போது வெளிநாடுகளில் நல்ல மனிதர்களாக வாழ்கிறார்கள். அதைவிட இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் பள்ளிக்கூடத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட எல்லோரும் அந்தப் பெயரை ஒரு கட்டளை மாதிரியே சொன்னோம். முதல் ஒரு வருடம் நானும் அப்படித்தான்.

கொக்குவிலில் இருந்து சைக்கிளில் முக்கால் மணித்தியாலம் மிதித்தால் வரும் சிறிய பள்ளிக்கூடம் அது. எண்பத்துநாலாம் ஆண்டு தை மாதம் கணக்குப் படிப்பிக்கப் போனேன். எனக்கு இருபத்துநாலு வயது. அவருக்கு ஐம்பது இருக்கும். வகுப்பறைகளையும் முற்றத்தையும் கூட்டித் துப்பரவாக்குவது அவருடைய வேலை. நெடுவலான பெண். சேலையை முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் தெரியத் தூக்கிச் செருகியிருப்பார்.

முதலில் எனக்குத் தெரியவந்தது அவருடைய குரல்தான். அதிபரின் அறையில் நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, வயலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளைக் கூப்பிடுவதுபோல வாசலில் ஒரு சத்தம் கேட்டது.

“ஐயா, உங்கடை மேசைக்குக் கீழை எலி செத்துக் கிடக்கு. காலை எடுங்கோ.”

அதிபர் காலை எடுத்தார். சத்தம் போட்டவர் வந்து எலியின் வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார். அதிபரின் முகம் கறுத்துவிட்டது. அந்த ஊரில் தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்ட, அவர் குடியிருந்த ஒழுங்கையின் ஆட்கள் எங்கள் ஆட்களை ‘நயினார்’ என்றுதான் அழைக்கவேண்டும், அதுவும் குரலைத் தாழ்த்தி. அவர் யாரையும் ‘ஐயா’ என்றார். பெட்டிக்கடைக்காரரும் ஐயா, வட்டாரக் கல்வி அதிகாரியும் ஐயா. எல்லோருக்கும் ஒரே குரல்தான். வேலிக்குள்ளால் வரும் ஆட்டைக் கலைப்பதும் அதே குரலில்தான்.

ஒருமுறை சுற்றிவளைப்பு என்று ஆமிக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிட்டார்கள். நாங்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றோம். துவக்கை நீட்டிக்கொண்டு படியேறிய சிப்பாயைப் பார்த்து, “தம்பி, உந்தச் சப்பாத்தைத் தேச்சுப்போட்டு ஏறும். இப்பதான் கூட்டினது” என்றார். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் படியில் சப்பாத்தைத் தேய்த்துவிட்டுத்தான் ஏறினான்.

பள்ளிக்கூடம் முழுவதையும் கூட்டுகிற அவர் கிணற்றடியைக் கூட்டமாட்டார். கூட்ட விடமாட்டார்கள் என்பதுதான் சரி. அவர் கயிற்றில் கை வைத்தால் அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கமாட்டார்கள். அவர் வீட்டிலிருந்து ஒரு போத்தலில் தண்ணீர் கொண்டுவருவார். மதியம் கிணற்றுக்கட்டில் இருந்து ஐந்து எட்டுத் தள்ளி நின்ற வேப்பமரத்தின் கீழ் இருந்து சாப்பிடுவார். சாப்பிடும்போது கிணற்றைப் பார்த்துக் கதைப்பார்.

“இண்டைக்கு வெள்ளிக்கிழமை. பிள்ளையள் வேளைக்குப் போட்டுதுகள்.”

“கணக்குப் படிப்பிக்கப் புதுசா ஒரு ரீச்சர் வந்திருக்கிறா. மெல்லிசு. காத்தடிச்சால் பறந்திடுவா.”

மற்ற ஆசிரியர்கள் அவருக்கு மூளை தட்டிவிட்டது என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த வருடம் வைகாசியில் ஒரு மதியம். பிள்ளைகள் போய்விட்டார்கள். நான் கொப்பிகளைத் திருத்திவிட்டுக் கை கழுவக் கிணற்றடிக்குப் போனேன். மழை பெய்து மாதக்கணக்காகிவிட்டது. சீமெந்துத் தரை காலைச் சுட்டது. அந்தத் தரையில் ஈரமான காலடிகள் கிடந்தன. சின்னக் காலடிகள். கிணற்றுக்கட்டில் இருந்து இறங்கி வேப்பமரம்வரை வந்து, அவர் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டன. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த வெயிலில் ஒரு நிமிடத்தில் காயவேண்டிய ஈரம். காயவில்லை.

என் கையில் இருந்த சவர்க்காரம் விழுந்துவிட்டது.

“பயப்படாதேங்கோ ரீச்சர்,” என்றார் அவர். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். “எங்கடை அக்கா.”

நான் அங்கேயே மண்ணில் இருந்துவிட்டேன். அவர் அன்றைக்கு அக்காவின் கதையைச் சொன்னார். அழவில்லை. பக்கத்தில் இருக்கும் எனக்குத் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

பள்ளிக்கூடம் வருவதற்கு முன்பு அது பெரியவீட்டாரின் தோட்டக்காணி. அவருடைய ஒழுங்கையில் கிணறு இல்லை. அந்தத் தோட்டக்கிணற்றடிக்குக் குடத்தோடு வந்து காத்திருக்க வேண்டும். பெரியவீட்டு ஆள் யாராவது வந்து அள்ளி ஊற்றிவிட்டால் ஏந்திக்கொண்டு போகலாம். ஒரு கோடையில் காலையில் இருந்து யாரும் வரவில்லை. அக்காவுக்குப் பன்னிரண்டு வயது, அவருக்கு எட்டு. அக்கா எழும்பிப்போய்த் தானே கயிற்றைப் பிடித்தாள். கிணற்றுக்கட்டில் பாசி. வழுக்கி விழுந்துவிட்டாள்.

“கால் தவறி விழுந்ததெண்டு எழுதினவை. அது பொய்யில்லை, விழுந்தவதான். ஆனால் ரீச்சர், விழுந்து சாகேல்லை. உள்ளுக்குக் கல்லைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவ. பொழுதுபடுமட்டும் எங்களைக் கூப்பிட்டவ.”

“ஒருத்தரும்…?”

“எங்கடை ஆம்பிளையள் இறங்கினால் கிணறு தீட்டாம். தங்கடை ஆக்கள் இறங்கி அவவைத் தொட ஏலாதாம். அம்மாவைக் கேற்றடியிலை நிப்பாட்டி வைச்சிருந்தவை. அம்மா அழுதவ. சத்தம் போடாதையெண்டு சொன்ன உடனை மெல்லமா அழுதவ.” தண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்தார். “எனக்கு அது பிடிக்கேல்லை. அண்டைக்குப் பிறகு நான் மெல்லமாக் கதைக்கிறதில்லை.”

பிணம் கிடந்த தண்ணீர் பெரியவீட்டாருக்கு ஆகாமல் போனது. சில வருடங்கள் காணி சும்மா கிடந்தது. பிறகு பள்ளிக்கூடம் கட்டச்சொல்லி ஊருக்குத் தருமமாகக் கொடுத்தார்கள். வாசல் சுவரில் அதற்கு ஒரு கல்வெட்டும் இருந்தது. ஒவ்வொரு நாளும் அதைக் கடந்துதான் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

“எனக்கு இப்ப அம்பத்தொண்டு. அவவுக்குப் பன்னிரண்டு. எண்டாலும் அக்கா அக்காதானே,” என்றார்.

அன்றிலிருந்து நான் அவரை ‘நீங்கள்’ என்று அழைக்கத் தொடங்கினேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பயத்தில்தான் தொடங்கினேன்.

கிணற்றோடு அவர் கதைப்பதைப் பற்றிப் பெற்றோர் சிலர் முறையிட்டார்கள். அதிபர் கூப்பிட்டுக் கண்டித்தார். நான் பக்கத்து அறையில் இருந்தேன்.

“நீ உந்தக் கிணத்தடியிலை நிண்டு கதைக்கிறதை இண்டையோடை விடவேணும். பிள்ளையள் பயப்பிடுதுகள்.”

“நான் கதைக்கிறதை விடுறன் ஐயா. அவ கோவிச்சால் நீங்கள்தான் பொறுப்பு.”

அடுத்த நாள் காலையில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் தண்ணீர் அள்ளப் போனார்கள். வாளி விழுந்த சத்தம் கேட்டது. கயிறு கனத்தது. இழுத்தார்கள். வெறும் வாளி வந்தது. ஓட்டை வாளி என்று வேறு வாளி கட்டினார்கள். அதுவும் வெறுமையாக வந்தது. வெளிப்புறம்கூட நனையவில்லை. மூன்றாம் நாள் அதிபரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அள்ளினார். எட்டிப் பார்த்தால் பத்து முழத்துக்குக் கீழே தண்ணீர் பளபளத்துக்கொண்டு கிடக்கிறது. வாளிக்குள் ஒரு சொட்டு ஏறவில்லை. அவர் வாளியைக் கீழே வைத்தார்.

“பிள்ளை,” என்று என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார், “உவளிட்டைச் சொல்லிப் பாரும்.”

நான் போய்ச் சொன்னேன். அவர் விளக்குமாற்றை மரத்தில் சாத்திவிட்டு நின்ற இடத்தில் இருந்தே கூப்பிட்டார்.

“அக்கா, காணும், விடுங்கோ. பிள்ளையள் பாவம்.”

அடுத்த வாளி நிரம்பித் தளும்பி வந்தது. அதிபர் இதைப் பற்றி ஒருநாளும் யாரிடமும் கதைக்கவில்லை. வாளிகளை மட்டும் மாற்றினார்.

எண்பத்தேழு ஐப்பசியில் இந்திய ஆமியோடு பெரிய சண்டை தொடங்கியது. பட்டணப் பக்கத்தில் இருந்து பீரங்கிச் செல் வரத் தொடங்கியதும் ஊர் முழுவதும் பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிட்டது. கொக்குவிலில் இருந்து ஓடிவந்த நானும் என் அம்மாவும் அங்கேதான் போனோம். ஓட்டுக் கூரை போட்ட முன் வகுப்புகளில் பெரியவீட்டாரும் எங்கள் ஆட்களும். பின்னால் விளையாட்டு மைதானத்து ஓலைக் கொட்டிலில் அவருடைய ஒழுங்கைச் சனம். யாரும் அப்படிப் பிரிக்கவில்லை. வந்த வேகத்திலேயே கால்கள் தாமாகப் பிரிந்து போயின.

அப்போது பெரியவீட்டில் மூத்தவருக்கு அறுபத்தைந்து வயது. பள்ளிக்கூடத்துக்குக் காணி கொடுத்தவரின் மகன். அந்த வெடிச் சத்தத்துக்குள்ளும் அவர் மறக்காமல் செய்த ஒரு காரியம், தன் மருமகனைக் கிணற்றடியில் நிறுத்தியதுதான். மருமகன் அள்ளி ஊற்றுவார், கொட்டில் ஆட்கள் ஏந்தவேண்டும்.

மூன்றாம் நாள் மதியம் செல் பக்கத்தில் விழத் தொடங்கியதும் மருமகன் மேசைக்குக் கீழே போய்ப் படுத்துவிட்டார். கொட்டிலில் இருந்து ஒரு தாய் காய்ச்சல் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குடத்தோடு வந்தாள். கிணற்றுக்கு ஐந்து எட்டுத் தள்ளி நின்றாள். மேலே செல் கூவிக்கொண்டு போகிறது. அவள் அசையாமல் நிற்கிறாள். யாராவது ஊற்றுவார்கள் என்று நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் வந்து நின்றார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய் வாளியை எடுத்தேன்.

“விடுங்கோ ரீச்சர்.” அவர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். “நீங்கள் ஊத்திவிட்டாலும் நாங்கள் ஏந்திறதுதானே.”

என் கையில் இருந்து வாளியை வாங்கினார். அத்தனை வருடத்தில் முதல்முறையாக அந்த ஐந்து எட்டையும் நடந்து கிணற்றுக்கட்டில் ஏறினார்.

பெரியவர் விறாந்தையில் இருந்து கத்தினார். “எடியே! தொட்டியெண்டால் கையை முறிப்பன்! சனம் குடிக்கிற தண்ணியடி!”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கிணற்றுக்குள் குனிந்தார்.

“அக்கா, சனம் விடாயிலை நிக்குது. ஒருக்கா மேலை வாங்கோவன்.”

வாளி இறங்கியது. கயிறு இறுகியது. அவர் இழுத்தார், வரவில்லை. நான் போய்ப் பிடித்தேன். அந்தத் தாய் பிள்ளையை இறக்கிவிட்டு வந்து பிடித்தாள். மூன்று பேரும் இழுத்தோம். கப்பி அலறியது. என் கைக்குள் கயிறு குளிர்ந்துகொண்டே வந்தது, விரல்கள் விறைக்குமளவு.

முதலில் இரண்டு சின்னக் கைகள் தெரிந்தன. கயிற்றைப் பிடித்திருந்தன. நெடுநேரம் தண்ணீரில் ஊறிய விரல்கள், வெளிறிச் சுருங்கியவை. பிறகு தண்ணீர் வழியும் தலை, இரட்டைப் பின்னல். ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை, பூப்போட்ட சீத்தைப் பாவாடையோடு, உச்சி வெயிலில் கிணற்றுக்கட்டில் ஏறி நின்றாள். நான் கண்டேன். எல்லோரும் கண்டார்கள். ஒருவரும் ஓடவில்லை. செல் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கும். எங்களுக்கு அது கேட்கவில்லை.

அவள் வாளியைத் தூக்கி அந்தத் தாயின் குடத்துக்குள் சரித்தாள். பிறகு தானே வாளியை இறக்கினாள், அள்ளினாள், அடுத்த குடத்துக்கு ஊற்றினாள். களைக்கவில்லை. மெல்ல மெல்லச் சனம் வந்தது. ஓலைக் கொட்டிலில் இருந்தும் வந்தது, ஓட்டுக் கூரையின் கீழ் இருந்தும் வந்தது. யாருக்கு முன்னால் யார் நிற்பது என்று ஒருவருக்கும் நினைவு வரவில்லை. எனக்கு முன்னால் அவருடைய ஒழுங்கைக் கிழவர் ஒருவர், எனக்குப் பின்னால் அதிபர். என் பாத்திரத்தில் அவள் ஊற்றியபோது முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. வேலையில் கவனமாக இருக்கும் ஒரு பிள்ளையின் முகம்.

கடைசியில் பெரியவர் மட்டும் விறாந்தையில் நின்றார்.

“ஐயா,” என்று கூப்பிட்டார் அவர். எலிக்குக் காலை எடுக்கச் சொன்ன அதே குரல். “உங்களுக்கும் விடாய்தானே. வாங்கோ.”

பெரியவர் படியிறங்கி வந்தார். கிணற்றுக்கட்டைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அண்டைக்கு நான் கயிறு எடுத்தனான் பிள்ளை. கையிலை வைச்சிருந்தனான். என்ரை அப்பு என்னைப் பாத்தவர். நான் திருப்பி வைச்சிட்டன்.”

அந்தப் பிள்ளை வாளியை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பெரியவர் குந்தி இருந்து இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார். அவள் ஊற்றினாள். அவர் குடித்தார். தாடையாலும் நெஞ்சாலும் தண்ணீர் வழிய, நிறுத்தாமல் குடித்தார்.

பிறகு அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினாள். ஐம்பத்துமூன்று வயதுத் தங்கை கிணற்றுக்கட்டில் குனிந்து நின்று சொன்னார்: “பாத்து இறங்குங்கோ அக்கா. பாசி.”

இதற்குப் பிறகு ஊர் மாறியது என்று எழுதத்தான் ஆசை. சண்டை ஓய்ந்து வீடுகளுக்குப் போனதும் சனம் அதைக் கதைக்கவில்லை. செல் சத்தத்தில் மண்டை குழம்பிப்போனது என்றார்கள். என் அம்மாகூட, “நான் ஒண்டையும் காணேல்லை” என்றார். அடுத்த வருடம் கிணற்றின்மேல் கொங்கிறீற் போட்டு மூட வேண்டுமென்று பள்ளிக்கூடக் கட்டடக் குழுவுக்கு ஒரு கடிதம் வந்தது. பிள்ளைகளுக்கு ஆபத்தாம். புதிதாகக் குழாய்க்கிணறு அடிக்கத் தானே செலவு தருவதாகப் பெரியவர் எழுதியிருந்தார். அந்தக் கைகள் ஏந்தியதை நான் கண்டவள். அந்தக் கடிதத்தின் கீழே அதே கைகளின் கையெழுத்தையும் கண்டேன்.

நான்தான் அவரிடம் போய்ச் சொன்னேன்.

“எப்ப மூடப்போகினம்?”

“வியாழக்கிழமை.”

“அப்ப புதன்கிழமை நான் கூட்டிக்கொண்டு போறன்.”

புதன்கிழமை மதியம் வேலை முடித்துக் கை கால் கழுவிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். “அக்கா, வாங்கோ, வீட்டை போவம்” என்றார். பிறகு வாசலால் வெளியே நடந்தார். பக்கத்தில் யாரும் தெரியவில்லை. ஆனால் அவருடைய செருப்பு அடிகளுக்கு அருகில், புழுதியில் ஒவ்வொன்றாக ஈரக் காலடிகள் விழுந்தன. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன்.

குறுக்கு ஒழுங்கையால் போயிருக்கலாம். அவர் பெரிய தெருவின் நடுவால் போனார். வழிநெடுக அக்காவுக்கு ஊர் காட்டினார்.

“இது சங்கக்கடை. அப்ப இல்லை. அது தபால்கந்தோர்… இது கோயில் வீதி. இதாலை செருப்போடை நடக்க விடாத காலம் உங்களுக்குத் தெரியும். இப்ப நடக்கலாம். பாப்பினம், ஆனால் நடக்கலாம்.”

பார்த்தார்கள். கடை வாசலில் நின்றவர்கள் முதலில் அவரைப் பார்த்தார்கள், பிறகு நிலத்தைப் பார்த்தார்கள். ஒருவர் தோளில் கிடந்த சால்வையைக் கையில் எடுத்துவிட்டார். தான் எடுத்தது அவருக்கே தெரிந்திருக்காது. சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி ஓரமாக நின்றார்கள். அந்தத் தெரு அவ்வளவு அமைதியாக இருந்து நான் கண்டதில்லை. அந்த அமைதிக்குள் அவருடைய குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அவருடைய ஒழுங்கை முகப்பில் திரும்பி, “ரீச்சர், நீங்கள் போங்கோ. நாங்கள் வந்திட்டம்” என்றார்.

தொண்ணூற்றைந்து ஐப்பசி கடைசியில் ஆமி வருகிறதென்று வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. நான் அம்மாவைச் சைக்கிளில் ஏற்றித் தள்ளிக்கொண்டு கொடிகாமத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே ஒரு கோயில் மடத்தில், வருகிற ஒவ்வொரு முகத்திலும் அவரைத் தேடினேன். அவருடைய ஒழுங்கைச் சனம் வந்தது, அவர் வரவில்லை.

ஏழெட்டு நாள் கழித்து எங்கள் பழைய அதிபர் அந்த மடத்துக்கு வந்தார். அப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். கட்டையில் கட்டிவிட்டு வந்த மாட்டை அவிழ்க்கவென்று ஊருக்குத் திரும்பிப் போய் வந்திருந்தார். என்னைக் கண்டதும் நேரே வந்து பக்கத்தில் இருந்தார்.

“ஊரிலை ஒரு குஞ்சும் இல்லைப் பிள்ளை. நாயள் மாத்திரம். என்ரை மாட்டைக் காணேல்லை. ஆரோ கதைக்கிற சத்தம் கேட்டுது. பெரியவீட்டு வளவுக்குள்ளை. போய்ப் பாத்தன்.”

அவர் இன்னும் கிட்ட வந்து இருந்தார்.

“ஊர் மாடு முழுக்க அங்கைதான் நிக்குது. ஆரோ எல்லாத்தையும் அவிட்டுக்கொண்டு வந்திருக்கினம். அவ கிணத்துக்கட்டிலை நிண்டு அள்ளித் தொட்டிக்குள்ளை விடுறா.” ‘உவள்’ என்றே சொல்லிப் பழகிய வாயில் அன்றைக்குத்தான் மரியாதையான ‘அவ’ வந்தது. “இரண்டு வாளி பிள்ளை. ஏறுது, இறங்குது. அவவின்ரை கையிலை ஒண்டுதான் இருந்தது.”

“நீங்கள் வரச்சொல்லிக் கேக்கேல்லையோ?”

“கேட்டனான். ஆமி கிட்ட வந்திட்டான், வாங்கோ எண்டனான். என்னை ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போகச்சொன்னா. குடிச்சன்.” கையால் வாயைத் துடைத்தார், இன்னும் ஈரம் இருப்பதுபோல. “பிறகு உமக்கு ஒரு சொல்லுச் சொல்லிவிட்டவ.”

“என்ன சொன்னவ?”

அதிபர் அதை அவருடைய குரலிலேயே சொன்னார். மடத்தில் படுத்திருந்தவர்கள் எழும்பிப் பார்க்குமளவு உரக்கச் சொன்னார்.

“ஊரிலை இத்தினை கிணறு கிடக்கு ஐயா. ஒண்டிலையும் நாங்கள் அள்ளிப் பாக்கேல்லை. எல்லாத்திலையும் ஒவ்வொரு வாளி அள்ளிப்போட்டு வாறம் எண்டு ரீச்சரிட்டைச் சொல்லுங்கோ.”